கானாடுகாத்தானில் நான்கு சனிக்கிழமைகள்: ஒரு திரையிடல் தொடரைப் பற்றி

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில், கடல் கடந்து வணிகம் செய்த நகரத்தார் (செட்டியார்) குடும்பம் ஒன்றின், தங்கும் விடுதியாக மாறியிருக்கும் பழைய வீட்டில், அறிவியல் புனைவில் ஆண் எப்படிக் காட்டப்படுகிறான் என்பதைப் பொருளாகக் கொண்டு, நான்கு சனிக்கிழமை மாலைகள் ஒரு தொடர் நடத்தினார்கள். மூன்று மாலை திரைப்படம், ஒரு மாலை கதை வாசிப்பு, ஒவ்வொன்றுக்கும் பின் ஒரு மணி நேர உரையாடல், இடையில் வெள்ளைப் பணியாரமும் மிளகாய்ச் சட்னியும் காப்பியும். எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கட்டணம் 800 ரூபாய். பணியாரத்தில் குறை சொல்ல ஏதுமில்லை. படத்தேர்வைப் பற்றியும் நடத்திய விதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் மாலை 2010-இல் வெளிவந்த 'எந்திரன்'. வந்திருந்தவர்களில் அதைப் பார்க்காதவர் எவரும் இல்லை. ஆயினும் இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தபோது, சிட்டி மனிதனாகும் வரிசை புதிதாகத் தெரிந்தது. உணர்ச்சிகள் வருவதற்கு முன் அந்த இயந்திரம் எதையும் தனது என்று சொல்வதில்லை. வந்த பிறகு காதல், அதை அடுத்துப் பொறாமை, அதையும் அடுத்து மணமேடையிலிருந்து பெண்ணைத் தூக்கிச் செல்வது என்று போகிறது. இயந்திரம் மனிதனாகிறது என்று படம் சொல்கிறது; நம் சினிமாவுக்கு நெடுநாள் பழகிய ஒரு வகை ஆணாக அது ஆகிறது என்றே எனக்குப் பட்டது. படைத்தவருக்கும் படைப்புக்கும் ரஜினிகாந்தின் ஒரே முகம் என்பதால் இந்த ஐயம் இன்னும் வலுக்கிறது. ஒருங்கிணைப்பாளரோ உரையாடல் நேரத்தில் பாதியை வரைகலையின் சிறப்புக்கே செலவிட்டுவிட்டார்.

இரண்டாம் வாரம் 'டெர்மினேட்டர் 2'. 1991-ஆம் ஆண்டுப் படம் இன்றும் தொய்வில்லாமல் ஓடுகிறது. கொல்வதற்கென்றே செய்யப்பட்ட இயந்திரம் தன் மகனோடு விளையாடுவதைப் பார்க்கும் தாய், இது இவனை விட்டுப் போகாது, குடித்துவிட்டு வந்து அடிக்காது என்று எண்ணும் இடம்தான் அதில் எனக்கு முக்கியம். தந்தைமைக்கு வேண்டியது தோள்வலிமை அல்ல, கூடவே இருப்பது என்பதை, அத்தனை தோள்வலிமை கொண்ட நடிகர் ஒருவரை வைத்தே சொல்லிவிட்டார்கள்.

மூன்றாம் மாலைக்காக மட்டுமே 800 ரூபாய் கொடுக்கலாம். 2014-இல் வந்த 'இன்டர்ஸ்டெல்லார்' படத்தில், மகளை விட்டு விண்வெளிக்குச் செல்லும் கூப்பர், ஒரு மணி நேரம் பூமியின் ஏழு ஆண்டுகளுக்குச் சமமான கிரகத்தில் இறங்கித் திரும்பி, 23 ஆண்டுகளாகச் சேர்ந்துகிடக்கும் வீட்டுச் செய்திகளை ஒரே அமர்வில் பார்த்து அழுகிறான். வேறு ஊரில் இது ஒரு கற்பனைக் காட்சியாகத் தோன்றியிருக்கும். 'திரைகடல் ஓடியும் திரவியம் தேடு' என்பதை வாழ்க்கை முறையாகவே ஏற்று, பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் ஆண்களை ஆண்டுக்கணக்கில் அனுப்பிவைத்த ஊர்களில் அப்படித் தோன்றாது. கடைசி வரிசையில் அமர்ந்திருந்த ஆச்சி ஒருவர் எழுந்து பேசினார்: "எங்க அப்பச்சி (அப்பா) பினாங்குக்குக் கொண்டுவிக்க (வணிகம் செய்ய)ப் போனப்ப நான் கைப்பிள்ளை. திரும்பி வந்தப்ப, யாரு இவுகன்னு ஆத்தாகிட்டக் கேட்டேனாம். அந்தப் படத்துப் பிள்ளை கோவத்தையெல்லாம் பேசி அனுப்புது. எங்க ஆத்தா கடுதாசியில 'இங்கு யாவரும் நலம்'னுதான் எழுதச் சொல்லுவாக." அவர் மேலும் பேசியிருப்பார். நேரமாகிவிட்டது என்று ஒருங்கிணைப்பாளர் ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டு, கருந்துளைகளைப் பற்றிய தம் உரையைத் தொடங்கினார். இந்தத் தொடரில் நான் மன்னிக்காத ஒரே செயல் அது. போகிறவனையே படம் வீரனாக்குகிறது. ஆனால் பூமியிலிருந்து மக்களை மீட்கும் சமன்பாட்டுக்கு விடை காண்பவள், அவன் விட்டுப்போன மகள் மர்ஃப். ஆச்சி தொடர்ந்திருந்தால் பேச்சு அங்கேதான் போயிருக்கும்.

நான்காம் மாலை வங்க எழுத்தாளர் பேகம் ரொக்கையாவின் 'சுல்தானாவின் கனவு'. 1905-இல், சென்னையிலிருந்து வெளிவந்த ஓர் ஆங்கில மகளிர் இதழில் அச்சான கதை இது. அதில் வரும் நாட்டில் ஆண்கள் வீட்டுக்குள் அடைந்திருக்கிறார்கள். பெண்கள் சூரிய வெப்பத்தைத் திரட்டிப் பகைவரை விரட்டி, ஆட்சியும் ஆய்வும் நடத்துகிறார்கள். வாசிப்புக்கு, நடுமுற்றத்தைச் சுற்றிய வளவில்தான் நாற்காலி போட்டிருந்தார்கள். மழை பிடித்துக்கொண்டு நடுமுற்றத்தில் கொட்டத் தொடங்கவே, எல்லோரும் பின்னால், வீட்டின் அடுத்த பகுதியான இரண்டாங்கட்டுக்கு நகர்ந்தோம். முகப்பில் அமர்ந்தே பழகிய பெரியவர்கள், பெண்கள் காலமெல்லாம் புழங்கிய தாழ்வாரத்தில், நெருக்கியடித்துத் தரையில் உட்கார்ந்து, ஆண்கள் உள்ளே அடைக்கப்பட்ட கதையைக் கேட்டார்கள். யாரும் திட்டமிட்டிருந்தால் இவ்வளவு பொருத்தமாக அமைந்திருக்காது. ஆண்கள் சமைப்பதாக வரும் பகுதியில் எழுந்த சிரிப்பு, கதை முடியும்போது அடங்கியிருந்தது.

குறைகளில் பெரியது தமிழ் எழுத்தைப் புறக்கணித்தது. 'எந்திரன்' வசனத்தில் பங்கு கொண்ட சுஜாதா எழுதிய 'என் இனிய இயந்திரா'வில், கணவனைத் தேடும் நிலாவோடு கதையைத் தூக்கிச் செல்வது ஜீனோ என்ற இயந்திர நாய். ஆணின் இடத்தில் புத்தகம் படிக்கும் ஒரு நாயை வைத்த நாவலை விட்டுவிட்டு இந்தப் பொருளைப் பேச முடியும் என்று நான் நினைக்கவில்லை. பெண்ணை மீட்க எம்.ஜி.ஆர். வேற்றுக் கிரகத்துக்கே போகும் 1963-ஆம் ஆண்டுக் 'கலை அரசி'யையும் சேர்த்திருக்கலாம். மற்றபடி, ஆங்கிலப் படங்களுக்குத் தமிழ் வசன வரிகள் இல்லாததால் ஆச்சி பல இடங்களில் பேத்தியிடம் கேட்டுக்கேட்டுத்தான் பார்த்தார். சுவர்கள் எதிரொலிப்பதால் நான்காவது வரிசைக்குப் பின்னால் வசனம் குழம்புகிறது.

மார்கழிக்குப் பிறகு மறுபடியும் நடத்துவதாகச் சொன்னார்கள். போகிறவர்கள் இரண்டாவது வரிசைக்குள் இடம்பிடித்துக்கொள்ளுங்கள். கடைசி வரிசையில் ஆச்சி அமர்ந்திருந்தால், ஒலிவாங்கியை முதலில் அவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.