ஹொட்ஸ்பொட் ஸ்லோவா? முதலில் எந்தப் பாதி என்று பாருங்கள்

2022 இலங்கை மின்வெட்டுக் காலத்தில் தொடங்கிய பழக்கம் இது. கரண்ட் போனால் ரவுட்டரும் படுத்துவிடும், அதனால் போனின் இணையத்தை லப்டொப்புக்குப் பகிரும் ஹொட்ஸ்பொட்டைப் போட்டோம். பிறகு அதுவே நிரந்தரமாகிவிட்டது. வீடு யாழ்ப்பாணத்து நல்லூருக்குக் கிட்ட. பகலில் என் வேலையும் பின்னேரம் தங்கச்சியின் உயர்தர சூம் வகுப்பும் இதில்தான் ஓடுகின்றன.

ஹொட்ஸ்பொட்டில் இரண்டு பாதி இருக்கிறது. டவரிலிருந்து போன் வரை ஒன்று, போனிலிருந்து லப்டொப் வரை மற்றது. ஸ்லோ என்றவுடன் எல்லாரும் சிம் கம்பனியைத்தான் திட்டுவார்கள். திட்டமுன் ஹொட்ஸ்பொட்டை நிற்பாட்டி, போன் இருந்த இடத்திலேயே வைத்துப் போனில் மட்டும் ஸ்பீட் டெஸ்ட் போட்டுப் பாருங்கள். அங்கே நன்றாக வந்து லப்டொப்பில் மட்டும் வராவிட்டால் கோளாறு வீட்டுக்குள்தான்.

எங்களுக்கு அதுதான். போன் 2.4 கிகாஹேர்ட்ஸில் வைஃபை கொடுத்துக்கொண்டிருந்தது. அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று முட்டாத சனல்கள் மூன்றுதான். அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எல்லாம் அங்கேதான் நெரிபடுகின்றன. யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க்கை லப்டொப்பில் செருகினாலும் அதே அலைவரிசையில் இரைச்சல் கிளம்பும். ஹொட்ஸ்பொட் செட்டிங்ஸில் 5 கிகாஹேர்ட்ஸுக்கு மாற்றினால் அதே அறைக்குள் வித்தியாசம் உடனே தெரியும். ஐபோன் 12 முதல் வந்தவற்றில் ‘மக்ஸிமைஸ் கொம்பட்டிபிலிட்டி’ என்பதை ஓஃப் பண்ண வேண்டும். ஆனால் சுவர் தாண்டினால் 5 களைத்துப்போகும். எங்களுடையதுபோல தடித்த சுவர் வைத்த பழைய கல்வீடென்றால் சொல்லத் தேவையில்லை.

இத்தனை காலத்தில் எனக்கு நம்பிக்கையாக நின்றது போனையும் லப்டொப்பையும் நேரே இணைக்கும் யூஎஸ்பி கேபிள்தான். வைஃபை இல்லை, நெரிசல் இல்லை, போனுக்குச் சார்ஜும் ஏறும். கேபிளைச் செருகியும் போன் செட்டிங்ஸில் ‘யூஎஸ்பி டெதரிங்’ (கேபிள் வழியாக இணையம் பகிர்வது) மங்கலாகவே நின்றால் அது பெரும்பாலும் சார்ஜுக்கு மட்டுமான மலிவுக் கேபிள். உள்ளே டேற்றாக் கம்பியே இராது. கடையில் வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள். புளூடூத் வழியாகப் பகிர்வதை மறந்துவிடலாம், அது மின்னஞ்சலுக்குத்தான் காணும்.

விண்டோஸ்காரருக்கு ஒன்று. இணைப்பை ‘மீற்றேர்ட்’ (டேற்றாவை அளந்து செலவழிக்க வேண்டியது) என்று குறிக்காவிட்டால் அப்டேட் பின்னால் நின்று டேற்றாவைக் குடித்துவிடும், சூமில் முகம் உறைந்து நிற்கும். வைஃபைக்கு அப்படிக் குறித்தது கேபிளுக்குச் செல்லாது. கேபிளை விண்டோஸ் ஈதர்நெட் என்று வேறாக எடுக்கும், அதற்கும் தனியாகக் குறிக்க வேண்டும்.

இனி டவர்ப் பாதி. சிக்னல் கோடுகளை நம்ப வேண்டாம். அண்ட்ரொய்ட்டில் ‘சிம் ஸ்டேற்றஸ்’ பக்கத்தில் எண்ணாகவே பார்க்கலாம்: 4ஜியில் மைனஸ் 85 dBm (சிக்னல் வலுவின் அளவு) என்றால் நல்லது, மைனஸ் 110க்குக் கீழே போனால் இழுபறி. போனை நடு அறையிலிருந்து விறாந்தைப் பக்க யன்னலுக்கு நகர்த்தியதே எங்களுக்குப் பெரிய மாற்றம். தகரக் கூரை வீடென்றால் யன்னல்தான் வழி. நேர் வெயில் மட்டும் படக்கூடாது. சித்திரை வெயிலில் சார்ஜும் ஹொட்ஸ்பொட்டும் ஒன்றாக ஓடினால் போன் கொதித்து, தானாகவே வேகத்தைக் குறைத்துவிடும். கவரைக் கழற்றிவிட்டால் கொஞ்சம் தாங்கும்.

நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் பின்னேரத்தில் இந்த வித்தை ஒன்றும் பலிக்காது. ஒரே டவரைச் சனம் முழுக்கப் பங்கு போடுகிறது. பெரிய பைல் அனுப்புவதென்றால் விடியப்புறம்தான். வேகம் கூட்டும் அப் எதுவும் இதற்கு உதவாது. விளம்பரம் பார்க்க ஆசையென்றால் போட்டுக்கொள்ளலாம்.

ஒருவர் இருவருக்குப் போன் தாராளம். அதற்குமேல் ஆட்கள் சேர்ந்தால், வெளி அன்டெனா பூட்டக்கூடிய 4ஜி ரவுட்டர் ஒன்றுக்குக் காசைப் போடுவதே மேல், கரண்ட் போகும் நேரத்துக்கு ஒரு சின்ன யூபிஎஸ்ஸோடு.