டேப்பா, ஸ்கேனா, ஏஐயா: செட்டிநாட்டு வீட்டை அளக்க நான் எடுத்தது

மூன்றாம் வருட பி.ஆர்க். (கட்டடக்கலை) பிள்ளைகளைப் பத்து நாள் கூட்டிவந்து ஒரு பழைய வீட்டை அளந்து வரையச் சொல்வது எங்கள் கல்லூரியில் பல வருடப் பழக்கம். நான் காரைக்குடிக்காரன் என்பதால் வீடு பிடிப்பது, சாவி வாங்குவது, சாப்பாட்டுக்குச் சொல்லி வைப்பது எல்லாம் என் தலையில். போன முறை இன்னொன்றும் சேர்ந்து விழுந்தது. இனிமேலும் டேப்பும் எழுதுபலகையும்தானா, போனை வைத்து ஸ்கேன் செய்யச் சொல்லலாமா? இல்லை, துறையில் இளைய ஆசிரியர் ஒருவர் சொன்ன மாதிரி, அளப்பதைக் குறைத்துக்கொண்டு ஏஐ படக் கருவிகளோடு நேராக டிசைனுக்குப் போய்விடலாமா?

மூன்றையும் செய்து பார்த்தாயிற்று. நான் ஸ்கேன் பக்கம் சாய்ந்துவிட்டேன், அதை மறைக்கப் போவதில்லை.

விலை, வேகம் பற்றிச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். முப்பது மீட்டர் டேப் சில நூறு ரூபாய், லேசர் மீட்டர் சில ஆயிரம். ஒளியை அனுப்பித் தூரம் அளக்கும் லைடார் உள்ள ஐபோன் ப்ரோ புதிதாக வாங்கினால் லட்சத்தைத் தாண்டும். ஆனால் நாற்பது பேர் வகுப்பில் யாராவது ஒருவர் பையில் அது இருக்கத்தான் செய்கிறது. இல்லாவிட்டாலும் பரவாயில்லை. சாதாரண கேமராவில் ஒன்றின் மேல் ஒன்று முக்கால் பங்கு படிகிற மாதிரி வரிசையாகப் படம் எடுத்து, மெஷ்ரூம் என்ற இலவச மென்பொருளில் போட்டால் வீட்டின் முப்பரிமாண உருவம் எழும்பிவிடும். என்விடியா கார்டு போட்ட கணினி ஒன்று வேண்டும், ஓர் இரவு காத்திருக்க வேண்டும். ஏஐக்கு மாதச் சந்தா, அரை நிமிடத்தில் படம். வேகத்தில் டேப்தான் கடைசி. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

எனக்கு விஷயத்தை முடித்து வைத்தது வேறு. இங்கே ஒரு வீட்டுக்குள் இரண்டாவது தடவை போக முடியாது.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியக் கொஞ்சம் விளக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதி வரைக்கும் பர்மா, இலங்கை, மலாயா வரவில் நகரத்தார் எனப்படும் செட்டியார்கள் எழுப்பிய வீடுகள் இவை. 1942இல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்ததும் அந்த வரவு அறுந்தது. பிள்ளைகள் படிப்பு, வேலை என்று ஊரை விட்டுப் போனார்கள். வீடு மட்டும் பங்காளிகளுக்குப் பொதுவாக நின்றுகொண்டிருக்கிறது. ஒரு வீட்டுக்குப் பத்துப் பங்கு, இருபது பங்கு என்பதெல்லாம் இங்கே சாதாரணம். முன்னோருக்குப் படைக்கும் படைப்பு, கல்யாணம் என்றால் திறப்பார்கள். மற்ற நாளில் காவலுக்கு ஒருவர், சாவி ஒருவரிடம், அனுமதி கொடுக்க வேண்டியவர் சிங்கப்பூரில். செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறின. அதனால் ஒரு பூட்டும் தானாகத் திறந்துகொள்ளவில்லை. பராமரிக்க முடியாமல் பங்காளிகள் எல்லோரும் விற்க ஒத்துக்கொண்டுவிட்டால், வீடு கதவு கதவாக, தூண் தூணாகக் கழன்று போகும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் ஒரு சாயங்காலம் நடந்து பாருங்கள். நிலைக்கதவு, பர்மா தேக்குத் தூண், எனாமல் தூக்குச்சட்டி என்று எத்தனையோ வீடுகள் அங்கே துண்டு துண்டாகக் கிடக்கின்றன.

நாலு வருடத்துக்கு முன்னால் கானாடுகாத்தானுக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் டேப்பில் அளந்தோம். மூன்று பேர் ஓர் அணி: ஒருவர் டேப்பின் நுனியைப் பிடிக்க, ஒருவர் படிக்க, ஒருவர் எழுத. முகப்பில் ஆரம்பித்து, பட்டாசாலை என்ற கூடம், நடு முற்றம் உள்ள வளவு, அதற்குப் பின்னால் இரண்டாம் கட்டு, அடுப்படி என்று பின்தெரு வாசல் வரை முடித்தோம். கல்லூரிக்குத் திரும்பி வரைய உட்கார்ந்தால், வளவுக்கும் இரண்டாம் கட்டுக்கும் நடுவில் ஒரு சுவரின் கனம் எந்தத் தாளிலும் இல்லை. ஒரே ஓர் அளவு. அதில்லாமல் பிளான் மூடவில்லை. தெற்குச் சுவர் வழியாகக் கூட்டினால் ஒரு நீளம், வடக்கு வழியாகக் கூட்டினால் ஏழு அங்குலம் கூடுதல். அடுத்த சனிக்கிழமை நானே பஸ் ஏறி வந்தேன். பூட்டு தொங்கியது. "சாவி மெட்ராசுக்குப் போயிருச்சுங்க சார், இனிமே படைப்புக்குத்தான்" என்றார் காவல்காரர்.

படைப்புக்கு என்னால் போக முடியவில்லை. அதற்கடுத்த வருடம் போனபோது இரண்டாம் கட்டே இல்லை. தூண்கள் நின்ற இடத்தில் கல் பாதங்கள் மட்டும் வரிசையாக இருந்தன. அந்தத் தாளில் இன்றைக்கும் அந்தச் சுவருக்கு நேரே பென்சிலில் ஒரு கேள்விக்குறி இருக்கிறது.

டேப் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும். பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகளுக்கு வீட்டுக்குள் நிற்கும்போது எதைக் கேட்பது என்று தெரியாது. அதைக் கற்றுக்கொள்ளத்தான் அவர்கள் வந்திருக்கிறார்கள். கேள்வி பிறப்பது பெரும்பாலும் ஆறு மாதம் கழித்து, ஸ்டூடியோவில். அதற்குள் வீடு பூட்டியிருக்கும். ஸ்கேன் செய்த வீட்டில் எங்களுக்கு நடந்தது இதுதான். அளந்து எட்டு மாதம் ஆன பிறகு ஒரு மாணவிக்கு வளவில் விழும் மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று சந்தேகம் வந்தது. நாலு பக்கக் கூரையும் உள்நோக்கிச் சரிந்து தண்ணீரை முற்றத்தில் கொட்டுகிற வீடு. தரை பார்க்கச் சமமாகத்தான் இருந்தது, அதன் மட்டத்தை யாரும் எடுக்கவில்லை. லட்சக்கணக்கான புள்ளிகளால் ஆன அந்த உருவத்தை, பாயின்ட் கிளவுட் என்பார்கள், கிளவுட்கம்பேர் என்ற இன்னோர் இலவச மென்பொருளில் திறந்து குறுக்கே வெட்டிப் பார்த்தோம். முற்றத்துக் கல்தரை ஒரு மூலையை நோக்கி ஏறக்குறைய இரண்டு அங்குலம் இறங்கியிருந்தது. அந்த மூலையில் ஒரு துவாரம். படங்களைப் பெரிதாக்கினால் அதுவும் தெரிந்தது. நிலைப்படி வழியாக இரண்டு அறைகளையும் சேர்த்து எடுத்திருந்தால் சுவரின் கனமும் இப்படித்தான் தானாக வந்துவிடும். என் பென்சில் கேள்விக்குறி அங்கே வந்திருக்கவே வந்திருக்காது.

இனி ஸ்கேனின் குறைகள். அவை நிறைய, அதுவும் நம் ஊர் வீடு என்றால் தனி ரகம். முதல் எதிரி, செட்டிநாடு பெயர் பெற்ற அந்தப் பூச்சு. சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய் எல்லாம் சேர்த்துத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கிய வெள்ளைச் சுவர். படங்களிலிருந்து உருவம் கட்டும் மென்பொருள் ஒவ்வொரு படத்திலும் பொதுவான புள்ளிகளைத் தேடும். வழவழப்பான வெள்ளையில் அது பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. எங்கள் முதல் முயற்சியில் பட்டாசாலைச் சுவர் முழுக்க உருகிய வெண்ணெய் மாதிரி வந்தது. அப்புறம் சுவர் ஓரத்தில் பழைய செய்தித்தாளைக் கசக்கி, ஸ்டூல், கூடை, சாக்கு என்று கண்டதையும் பரப்பி வைத்துத்தான் சரியானது. பெல்ஜியம் கண்ணாடியும் மெருகு போட்ட கருங்கல் தூணும் இன்னும் மோசம். கண்ணாடிக்குப் பின்னால் இல்லாத ஓர் அறையை லைடார் கட்டிக் கொடுத்தது. பிள்ளைகளுக்கு அன்று முழுக்கச் சிரிப்பு.

இரண்டாவது, நீளம். தெருவிலிருந்து பின்தெரு வரை ஒரே கோட்டில் போகிற வீடு. போன் லைடார் ஐந்து மீட்டர் தூரம்தான் பார்க்கும். நடக்க நடக்கத் தன் இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தவறவிடும். முகப்பில் தொடங்கி அடுப்படி வரும்போது நேர்கோட்டு வீடு வாழைப்பழம் மாதிரி வளைந்திருந்தது. சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே முடித்தால் ஓரளவு நேராகிறது. மூன்றாவது, வெளிச்சம். வளவில் வெயில் கண்ணைக் குத்தும், பத்தடி தள்ளி அறைக்குள் இருட்டு. காலை ஆறரைக்கும் எட்டுக்கும் நடுவில் எடுத்தால் தப்பிக்கலாம். இன்னொன்று: வெறும் படங்களிலிருந்து கட்டிய உருவத்துக்குத் தன் அளவு தெரியாது. அது வீடா தீப்பெட்டியா என்று சொல்ல, இரண்டு குறிகளுக்கு நடுவே டேப்பில் அளந்த ஒரு தூரத்தை நாம்தான் கொடுக்க வேண்டும்.

மென்பொருளில் இல்லாத ஒரு சிக்கலும் உண்டு. இந்த முறை வீடு கொடுத்த ஆச்சி, போனைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகள் அறை அறையாக நடப்பதைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "தம்பி, இதெல்லாம் எங்க போயி உக்காரும்?" நல்ல கேள்வி. சுலபமான ஆப்கள் பல, எடுத்ததைத் தங்கள் சர்வருக்கு ஏற்றித்தான் உருவம் கட்டுகின்றன. ஒரு சிற்பக் கதவே லட்சக்கணக்கில் விலை போகிற ஊரில், பூட்டிய வீட்டின் உட்புறத்தை இணையத்தில் வைப்பது திருடனுக்கு வழி வரைந்து கொடுப்பதுதான். அன்றிலிருந்து எல்லாம் எங்கள் ஆய்வகக் கணினியில் மட்டும். மெஷ்ரூமை நான் விடாப்பிடியாகச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

டேப்புக்கு நியாயம் செய்ய வேண்டும். டேப் பிடித்த அணிக்கு மட்டும் கிடைத்த ஒன்றை ஸ்கேன் எனக்குக் காட்டவே இல்லை. தூண்களுக்கு இடையே உள்ள தூரத்தைத் திரும்பத் திரும்பக் குனிந்து படித்த ஒரு பையன், "சார், இது அடிக் கணக்குல எதுலயும் அடங்கலையே" என்றான். பக்கத்தில் கதவு பழுதுபார்த்துக்கொண்டிருந்த ஆசாரி தன் முழக்கோலைக் கொண்டுவந்து வைத்தார். 24 விரல் கொண்ட கோல். எங்கள் டேப்பில் 33 அங்குலம். தூண் இடைவெளிகள் அந்தக் கோலில் வரிசையாக வந்து உட்கார்ந்தன. மில்லிமீட்டர் துல்லியமான ஸ்கேன் என்றாலும் அது எண்ணைத்தான் கொடுத்திருக்கும். அந்த எண் உறுத்த, ஒருவன் முதுகு வலிக்கக் குனிய வேண்டியிருந்தது. அதனால் இப்போது முதல் இரண்டு நாள் போனைக் கையில் தருவதில்லை. வளவும் ஓர் அறையும் டேப்பில், மூலைவிட்டம் உட்பட. அந்த அளவுகளே பிறகு ஸ்கேனைச் சரிபார்க்கவும் உதவுகின்றன. மூன்றாம் நாளிலிருந்து முழு வீடும் ஸ்கேன்.

ஏஐக்கு வருகிறேன். படம் போட்டுத் தரும் ஏஐ கருவிகளான மிட்ஜர்னியும் ஸ்டேபிள் டிஃப்யூஷனும் 2022இல் எல்லோர் கைக்கும் வந்ததிலிருந்து, பிள்ளைகளின் டிசைனை மதிப்பிடும் ஜூரியில் அழகான படங்களுக்குப் பஞ்சமில்லை. செட்டிநாட்டு வளவு என்று கேட்டால் எங்களுக்குப் பாதி ராஜஸ்தான் மாளிகையும் பாதி கேரளத் தறவாடும் கலந்து வந்தது. இடப்பக்கம் ஏழு தூண், வலப்பக்கம் ஆறு. கண்ணாடி மேல் ஒரே அச்சை வைத்து நிறச் சிமென்ட் ஊற்றி வார்க்கும் ஆத்தங்குடித் தரைக்கல்லில் பூ மாறவே மாறாது. ஏஐ போட்ட தரையில் ஒவ்வொரு கல்லிலும் பூ கொஞ்சம் கொஞ்சமாகத் திரிந்துகொண்டே போனது. ஒரு படத்தில் வளவுக் கூரை வெளிப்பக்கம் சரிந்திருந்தது. தண்ணீர் எங்கே போகும் என்று கேட்டேன். "தெரியல சார், படத்துல வந்துருச்சு" என்றான் அந்தப் பிள்ளை. நேர்மையான பதில்.

என் அளவுகோலில் ஏஐ தோற்பது இங்கேதான். அந்தப் படத்துக்குப் பின்னால் திரும்பிப் போய்ப் பார்க்க ஒரு வீடே கிடையாது. அதே வாக்கியத்தை மறுபடி கொடுத்தால் வேறொரு வீடு வந்து நிற்கும்.

ஆனால் ஓர் இடத்தில் அது எனக்கு உதவியது. பிள்ளைகள் வீட்டின் ஒரு பகுதியை விருந்தினர் விடுதியாக மாற்றும் யோசனையை வரைந்திருந்தார்கள். பிளானும் செக்‌ஷனும் காட்டியபோது வீட்டுக்காரர்கள் மரியாதைக்குத் தலையாட்டினார்கள். ஸ்கேனிலிருந்து எடுத்த கோடுகளை, கொடுத்த கோட்டை மீறாமல் ஏஐயைப் படம் போட வைக்கும் கன்ட்ரோல்நெட் வழியாகக் கொடுத்து, தூணும் கூரையும் இருந்த இடத்திலேயே இருக்கும்படி படம் செய்து காட்டியதும் பேச்சு மாறியது. "அந்தக் கட்டில் அங்க வேண்டாம் தம்பி, அது சாமி வீட்டுக்கு நேரா வருது" என்றார் ஆச்சி. இதில் எனக்கு இரண்டு செமஸ்டர் அனுபவம்தான், பெரிதாகச் சொல்ல மாட்டேன். பாயின்ட் கிளவுடில் சுவர், தூண், கூரையைத் தானாகப் பிரித்துத் தரும் ஏஐ கருவிகளை இன்னும் சரியாக முயன்று பார்க்கவில்லை.

ஸ்கேன் கோப்புகளும் என்னிடம் இருக்கிற வயது இரண்டு வருடம்தான். நாலு வருடப் பழைய டேப் தாளை இன்றும் விரித்துப் படிக்க முடிகிறது. ஹார்ட் டிஸ்க் பத்து வருடம் தாங்குமா என்ற பயம் இருக்கிறது. அதனால் புள்ளிகளை எந்த மென்பொருளும் படிக்கும் சாதாரண எழுத்துக் கோப்பாகவும் ஒரு பிரதி வைக்கிறேன். ஒரு டிஸ்க் கல்லூரியில், ஒன்று என் வீட்டில், ஒன்று ஆச்சியிடம்.

ஆச்சியிடம் கொடுத்த டிஸ்க்கைப் பற்றிப் போன மாதம் போன் வந்தது. பேசியவர் அந்த வீட்டுப் பங்காளிகளில் மூத்தவர். ஒவ்வோர் அறையும் எத்தனை சதுர அடி என்று அதில் வருமா என்று விசாரித்தார்.

"வருங்கய்யா. எதுக்குன்னு தெரிஞ்சுக்கலாமா?"

"பாகம் பிரிக்கலாம்னு பேச்சு. ஆளை வச்சு அளந்தா ஆளுக்கொரு கணக்குச் சொல்வாங்க. இது மெஷின் அளந்தது பாருங்க."

வரும் என்று மறுபடியும் சொன்னேன். சுவர்க் கனத்தைச் சேர்த்தா, சேர்க்காமலா என்று கேட்டார்.