ஷெவி 350: கம்ப்ரெஷனை ஹெட்டில் ஏற்றுவதா, பிளாக்கில் ஏற்றுவதா?

ஷெவர்லே ஸ்மால் பிளாக் 350 எஞ்சினைப் பிரித்துக் கட்டும்போது, பிஸ்டனை மாற்றாமலே கம்ப்ரெஷனைக் (கலவை எத்தனை மடங்கு அமுங்குகிறது என்ற விகிதம்) கூட்ட மூன்று வழி உண்டு: சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டுக்கு ஃபேசிங் அடிக்கலாம், அதாவது அதன் அடித்தளத்தை இழைக்கலாம்; ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே மெல்லிய கேஸ்கெட் போடலாம்; சிலிண்டர்கள் உள்ள பிளாக்கின் மேல்தளத்தை இழைக்கலாம். முதல் இரண்டுக்கும் செலவு குறைவு. ஆனாலும் நான் நிற்பது மூன்றாவது பக்கம். கம்ப்ரெஷன் எண்ணுக்காக அல்ல. பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவே மிஞ்சுகிற இடுக்குக்காக.

அந்தக் கணக்கு எளிது. கிராங்க் மையத்திலிருந்து பிளாக்கின் மேல்தளம் 9.025 அங்குலம். ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 3.48, அதில் பாதி 1.74, பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் ராடு 5.7; ராடையும் பிஸ்டனையும் கோக்கும் பின்னின் மையத்திலிருந்து பிஸ்டன் தலை 1.56. 1.74, 5.7, 1.56 மூன்றையும் கூட்டினால் சரியாக 9.000. அதாவது பிஸ்டன் உச்சிக்கு வந்தும் 0.025 அங்குலம் (0.64 மி.மீ.) பள்ளத்திலேயே நின்றுவிடுகிறது. அதன்மேல் இறுகிய காம்போசிட் கேஸ்கெட் சுமார் 1 மி.மீ. ஆக, இடுக்கு 1.64.

நாக்கிங் (சுடர் எட்டுமுன் கலவை தானாகப் பற்றிக்கொள்ளும் கோளாறு) தலைகாட்டுவது இங்கேதான். ஹெட்டின் தட்டைப் பகுதியும் பிஸ்டன் தலையும் 1 மி.மீ. வரை நெருங்கினால், நடுவில் சிக்கிய கலவை பிதுங்கிப் பிளக் பக்கம் பாயும், எரிதல் வேகமெடுக்கும். எஞ்சிய மெல்லிய படலத்தின் சூட்டை இரு பக்க உலோகமும் உறிஞ்சிவிடும். 1.64 இருந்தால் பிதுங்கலும் பலவீனம், படலமும் தடிப்பு. சுடர் வந்து சேர்வதற்குள் அந்தக் கலவை தானாகப் பற்றிக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

இதை வைத்து மூன்றையும் பாருங்கள். ஹெட்டின் எரியறை 64 சிசி, பிஸ்டன் தலையில் உள்ள வால்வுக் குழி 5, கேஸ்கெட் 8.5, பள்ளம் 5.1: மொத்தம் 82.6 சிசி. சிலிண்டர் கொள்ளளவு 716.6. கம்ப்ரெஷன் 9.7. ஹெட்டில் ஏறக்குறைய 0.8 மி.மீ. இழைத்தால் 5 சிசி குறைந்து 10.2 வரும். ஆனால் இடுக்கு அதே 1.64! கம்ப்ரெஷனை ஏற்றிவிட்டு, நாக்கிங்கைத் தடுக்கும் ஏற்பாட்டை மட்டும் பழையபடி விட்டுவைத்ததாகிறது. பிளாக்கில் 0.64 இழைத்தாலும் அதே 10.2தான் வரும், இடுக்கோ 1 மி.மீ. ஆகிவிடும்.

0.38 மி.மீ. எஃகுத் தகடு கேஸ்கெட்டும் இடுக்கை 1.02-க்குக் கொண்டுவரும், கம்ப்ரெஷனும் கிட்டத்தட்ட அதே அளவு ஏறும். வார்ப்பிரும்பு ஹெட், கோணல் இல்லாத தளம் என்றால் தாராளமாகப் போடலாம். ஆனால் அந்தத் தகடு மேடுபள்ளத்தை மன்னிக்காது, கூலண்ட் கசியும். அலுமினிய ஹெட்டோடு அதை நான் சேர்க்க மாட்டேன். தவிர, பிளாக்கின் நான்கு மூலையும் ஒரே உயரத்தில் இல்லாவிட்டால் கேஸ்கெட் அதைத் திருத்தாது. இழைப்பு திருத்தும். அதன்பிறகு எத்தனை முறை ஹெட்டைக் கழற்றினாலும் கடையில் கிடைக்கும் சாதாரண கேஸ்கெட் போதும்.

வேலையின் வரிசை முக்கியம். மெயின் பேரிங் லைன் ஹோனிங் (கிராங்க் உட்காரும் துளைகளை ஒரே நேர்கோட்டில் தேய்த்துச் சீராக்குவது) முதலில். அது கிராங்க் மையத்தையே நகர்த்தக்கூடியது. பிறகு ஒரே பிஸ்டன், ஒரே ராடு, பேரிங் சேர்த்து 1, 7, 2, 8 என நான்கு மூலை சிலிண்டரிலும் மாற்றி மாற்றிப் போட்டு அளக்க வேண்டும். டயல் கேஜ் முள் பின்னின் அச்சுக்கு நேர் மேலே நிற்கட்டும். வேறெங்கு வைத்தாலும் பிஸ்டன் ஆட்டம் அளவோடு கலந்துவிடும். நான்கில் எங்கே பள்ளம் மிகக் குறைவோ அதுதான் இழைப்பின் எல்லை. பிஸ்டன் தளத்துக்கு மேலே தலைநீட்டக் கூடாது.

1 மி.மீ. இடுக்கு என்பது எஃகு ராடுக்கு. அலுமினிய ராடு நீளும், 1.5 விட வேண்டும். தளர்வாகப் பொருத்தும் ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய) பிஸ்டன் குளிரில் ஆடும். அதற்கும் கொஞ்சம் கூடுதலாக விடுவது நல்லது.

இழைத்த பிளாக்கில் ஹெட் இறங்கிவிடும். ஹெட்டுக்குக் கலவை கொண்டுவரும் இன்டேக் மேனிஃபோல்டின் போல்ட் ஓட்டை விலகும், வால்வைத் திறக்கும் புஷ்ராடின் நீளத்தை மறுபடி பார்க்க வேண்டும். ஹெட்டை இழைத்தாலும் இதே தொல்லைதான். வால்வுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளியும் குறையும். பிஸ்டன் தலையில் களிமண் ஒட்டி, பழைய கேஸ்கெட்டோடு ஹெட்டை இறுக்கி, கிராங்கைக் கையால் இரண்டு சுற்று சுற்றி, களிமண்ணை வெட்டி அளந்தால் இன்டேக்கில் 2 மி.மீ., எக்ஸாஸ்டில் 2.5 மி.மீ. குறையாமல் இருக்க வேண்டும். பம்ப் பெட்ரோலுக்கு வார்ப்பிரும்பு ஹெட்டில் 10.2 விளிம்புதான், இன்டேக் வால்வை எவ்வளவு தாமதமாக மூடும் கேம் என்பதைப் பொறுத்து அது தாங்கும், தாங்காது.

ஓரிடத்தில் மட்டும் என் பரிந்துரை மாறும். பிளாக்கின் முன்புறம், வலது ஹெட்டுக்கு முன்னால் உள்ள பட்டையில் எஞ்சின் எண் குத்தியிருக்கும். மேல்தளத்தோடு சேர்த்து அதையும் இழைத்தால் எண் போய்விடும். பழைய கார்வெட், கமாரோவில் வண்டியோடு பிறந்த எஞ்சின் என்பதற்கான சான்று அது. அழிந்தால் விற்கும்போது விலை விழும். அப்படிப்பட்ட பிளாக்கை இழைக்காதீர்கள். வார்ப்பிரும்பு ஹெட், மெல்லிய கேஸ்கெட் போதும்.