பழைய சோலார் டிஜிட்டல் வாட்ச் வாங்கும் முன் மூடி திறந்த படத்தைக் கேளுங்கள்

1970களில் வந்த சோலார் எல்இடி வாட்ச் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். "நல்ல ஓட்டத்தில் இருக்கிறது, வெயிலில் சார்ஜ் ஏறுகிறது" என்று விற்பவர் எழுதியிருந்தார். வந்த வாட்சில் சோலார் தகட்டிலிருந்து போகும் ஒயரை வெட்டியிருந்தார்கள். உள்ளே இருந்தவை கடையில் கிடைக்கும் சாதாரண பட்டன் செல்கள்.

ஒயர் தானாக அறுந்திருந்தால் பழைய பொருள்தானே என்று விட்டிருப்பேன். இது அப்படியில்லை. வெட்டிய முனை எதிலும் படாதபடி டேப் ஒட்டியிருந்தது. சாதாரண சில்வர் ஆக்சைடு செல்லுக்குள் சோலார் மின்சாரம் போனால் அது உப்பும், கசியும், சர்க்யூட்டையே அரித்துவிடும். அது தெரிந்த கைதான் இந்த வேலையைச் செய்திருக்கிறது. தெரிந்தே செய்துவிட்டு "சார்ஜ் ஏறுகிறது" என்று எழுதுவதற்குப் பெயர் என்ன?

விற்பவர் போட்டிருந்த வீடியோவும் நல்ல தந்திரம். வாட்சை விளக்குக்கு அடியில் பிடித்து பட்டனை அழுத்துகிறார், சிவப்பு எண்கள் பளிச்சென்று எரிகின்றன. எல்இடி அதிக மின்சாரம் குடிக்கும் என்பதால் அந்தக் கால வாட்சுகளில் பட்டனை அழுத்தினால்தான் நேரம் தெரியும். புது செல் போட்டிருந்தால் கும்மிருட்டிலும் அப்படித்தான் எரியும். அந்த விளக்கு வீடியோவுக்காக மட்டும்.

புகார் சொன்னதும் முதலில் "பழைய பொருள், உள்ளது உள்ளபடி விற்றேன்" என்றார். ஒயரின் படத்தை அனுப்பியதும், சோலார் என்பது சும்மா ஒரு துணைதான் என்று பேச்சை மாற்றினார். கடைசியில், நான் எழுதிய விமர்சனத்தை நீக்கினால் ஒரு சிறு தொகை தருவதாகச் சொன்னார். நான் நீக்கவில்லை, அவரும் கையை விரித்துவிட்டார்.

சரி, வாங்கப் போகிறவர்கள் என்ன பார்க்கலாம்? பின்மூடி திறந்த படத்தில் செல்லின் மேல் உள்ள எழுத்தைப் படியுங்கள். எஸ்ஆர், எல்ஆர் என்று தொடங்கினால் அது ரீசார்ஜ் ஆகாத வகை. எம்டி என்று தொடங்கும் லித்தியம் செல் ரீசார்ஜ் ஆகும். அசல் செல் இத்தனை வருடம் தாங்காது, அதனால் மாற்றியிருப்பதில் தப்பில்லை. எதைப் போட்டார்கள் என்பதுதான் கேள்வி. விற்பவர் மல்டிமீட்டர் (வோல்டேஜ் அளக்கும் கருவி) வைத்திருந்தால் செல்லைக் கழற்றிவிட்டு வெயிலில் தகட்டின் வோல்டேஜை அளந்து காட்டச் சொல்லுங்கள். சிலிக்கன் துண்டு ஒன்று ஏறத்தாழ அரை வோல்ட்தான் தரும், அதனால் பல துண்டுகளைத் தொடராக இணைத்திருப்பார்கள். துண்டுகளை எண்ணினால் எவ்வளவு வர வேண்டும் என்று தெரிந்துவிடும். சில மலிவு வாட்சுகளில் சோலார் தகடு போலத் தெரியும் கறுப்புப் பட்டையே வெறும் அச்சிட்ட படம், அதில் அளக்க எதுவும் கிடையாது.

"உலகின் முதல் சோலார் வாட்ச்" என்ற வரியையும் நம்ப வேண்டாம். கையில் கிடைத்ததற்கெல்லாம் அதைப் போட்டு விலையை ஏற்றுகிறார்கள். சிட்டிசன் 1976இல் கொண்டுவந்த சோலார் வாட்ச் முள் வைத்தது, டிஜிட்டலே இல்லை. அதற்கும் முன்பே, 1970களின் தொடக்கத்தில், ரோஜர் ரீல் உருவாக்கிய சிங்க்ரோனார் 2100 என்ற சோலார் டிஜிட்டல் வாட்ச் வந்துவிட்டது. மேலே சோலார், பக்கவாட்டில் டிஸ்பிளே, 2100ஆம் ஆண்டு வரை நாட்காட்டி. என்னைக் கேட்டால் அந்தக் காலத்தின் மிக அழகான கிறுக்குத்தனம்!

ஆனால் சிங்க்ரோனார் வாங்குகிறவர்களுக்கு வேறு சிக்கல். அதன் உள்பாகத்தைப் பிளாஸ்டிக் கட்டிக்குள் முழுதாக அடைத்திருப்பார்கள், வெளியே உள்ள காந்த ஸ்விட்சைத் தள்ளித்தான் இயக்க வேண்டும். மூடியைத் திறந்து காட்டு என்று கேட்கவே முடியாது. அதற்குப் பதிலாக, சார்ஜ் இறங்கி எண்கள் மங்கிய நிலையிலிருந்து வெயிலில் வைத்து மீண்டு வருவது வரை காட்டச் சொல்லுங்கள். செல் மாற்றியிருந்தால் யார், எப்படி மாற்றினார்கள் என்றும் எழுதி வாங்குங்கள். இரண்டுக்கும் மழுப்பினால் அதை ஓடாத வாட்சாகவே வைத்து விலை பேசுங்கள்.