காற்றில் நிற்கும் பென்ஸா, ஸ்பிரிங்கில் நிற்கும் லெக்ஸஸா?

பழைய சொகுசு செடான் தேடுகிறவர்களின் பட்டியல் எவ்வளவு நீளமாகத் தொடங்கினாலும், கடைசியில் பெரும்பாலும் இரண்டு கார்களில் வந்து நிற்கிறது. ஒன்று 1998 முதல் 2005 வரை வந்த பென்ஸ் எஸ் கிளாஸ்; அந்தத் தலைமுறையின் குறியீட்டுப் பெயர் டபிள்யூ220. மற்றது 2000 முதல் 2006 வரை வந்த லெக்ஸஸ் எல்எஸ் 430. இரண்டையும் ஒப்பிட்டுவிட்டு நான் லெக்ஸஸை வாங்கினேன், இப்போதும் அதைத்தான் ஓட்டுகிறேன். எனவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதில் ஒளிவுமறைவு இல்லை. பென்ஸில் என் அனுபவம் வாங்குவதற்காகப் பார்த்ததும் ஓட்டிப் பார்த்ததும்தான். வருடக்கணக்கில் வைத்துப் பராமரித்தவர்களின் பேச்சுக்கு அந்த இடங்களில் கூடுதல் மதிப்புக் கொடுங்கள்.

பெயின்ட் வித்தியாசம், விபத்துத் தடயம், ஓடோமீட்டரும் சர்வீஸ் பதிவும் ஒத்துப்போகிறதா என்பதெல்லாம் எந்தப் பழைய காருக்கும் பொதுவானவை. ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: டயர்களைப் பாருங்கள். நான்கும் ஒரே நல்ல பிராண்டாக இருந்தால், முந்தைய உரிமையாளர் செலவு செய்யத் தயங்காதவர் என்று ஓரளவு நம்பலாம். நான்கும் நான்கு விதமாக இருந்தால், கண்ணுக்குத் தெரியாத இடங்களில் அவர் என்ன செய்திருப்பார் என்று யோசியுங்கள். துருவைப் பொறுத்தவரை பென்ஸுக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். சக்கர வளைவின் விளிம்பு, கதவின் அடிப்பகுதி, ஜாக்கி வைக்கும் இடங்கள் ஆகியவற்றைக் குனிந்து, டார்ச் அடித்துப் பாருங்கள். ஆரம்ப வருடத்துக் கார்களில் இது இன்னும் முக்கியம்.

எஞ்சினில் பென்ஸ் ஒரு படி மேலே என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைப்பது, அதன் பெட்ரோல் வி6, வி8 எஞ்சின்களில் டைமிங் செயின். குறிப்பிட்ட கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றும் வேலை இல்லை. ஒரு சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக் என்பதால், வி8-இல் மொத்தம் 16 பிளக் வாங்க வேண்டும். அது பெரிய விஷயமல்ல. லெக்ஸஸின் 4.3 லிட்டர் வி8-இல் அதே வேலைக்கு இருப்பது ரப்பராலான டைமிங் பெல்ட். சுமார் 1,45,000 கிலோமீட்டரில் மாற்ற வேண்டும். கார் அவ்வளவு ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயதாகிறது. பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், எஞ்சினே போய்விடும். மாற்றியதற்கு பில் இல்லையென்றால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். வாட்டர் பம்பையும் அதே பெல்ட்தான் சுழற்றுகிறது என்பதால் பம்ப், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், அதை வழிநடத்தும் ஐட்லர் எல்லாவற்றையும் ஒரே வேலையாக மாற்றிவிடுவதுதான் புத்திசாலித்தனம். கார் வாங்கிய கையோடு நான் செய்ததும் இதுதான். இதே எஞ்சினில் ஸ்டார்ட்டர் மோட்டார் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில், இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறது. அதைத் தொடவே மேலே பாதியைக் கழற்ற வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஒருமுறை, நன்றாகச் சூடான பிறகு ஒருமுறை ஸ்டார்ட் செய்து பாருங்கள்.

கியர்பாக்ஸில் பெரிய சண்டை இல்லை. பென்ஸின் 5 வேக ஆட்டோமேட்டிக்கில் வயர்கள் உள்ளே போகும் இணைப்பின் ரப்பர் வளையங்கள் இறுகினால், எண்ணெய் கசிந்து வயர் வழியாகவே கட்டுப்பாட்டுப் பெட்டி வரை ஏறிவிடும். அந்தப் பெட்டியின் இணைப்பைக் கழற்றி எண்ணெய்ப் பசை இருக்கிறதா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். லெக்ஸஸில் 2004 மாடலிலிருந்து 6 வேகம்; கிடைத்தால் அதையே எடுங்கள்.

இப்போது என் முடிவைத் தீர்மானித்த விஷயம்: சஸ்பென்ஷன்.

பெரும்பாலான டபிள்யூ220 கார்களில் ஸ்பிரிங் கிடையாது. நான்கு சக்கரத்துக்கும் காற்று நிரப்பிய ரப்பர் பைகள், அவற்றுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் வால்வு பிளாக், காற்றடிக்கும் கம்ப்ரஸர். புதிதாக இருந்தபோது அந்த மிதப்பு அற்புதம்; நல்ல நிலையில் இருப்பதை இன்று ஓட்டினாலும் மனசு மயங்கும். ஆனால் ரப்பர் ரப்பர்தான். மடிப்பு விழும் இடத்தில் நுண்ணிய வெடிப்பு வரும், காற்று மெல்லக் கசியும். அத்தோடு நின்றால் பரவாயில்லை. குறைந்த காற்றை ஈடுகட்ட கம்ப்ரஸர் மறுபடி மறுபடி ஓடும், சூடாகும், தேயும், ஒருநாள் நின்றுவிடும். ஒரு பையைக் கவனிக்காமல் விட்ட செலவு இரண்டு செலவாகிவிடும். காரின் விலை வருடத்துக்கு வருடம் இறங்குகிறது, இந்தப் பாகங்களின் விலை அப்படி இறங்குவதில்லை. விற்கும்போதும் இதுதான் அடிக்கும்: ஒரு மூலை தொய்ந்து நிற்கும் எஸ் கிளாஸைப் பார்த்ததும் வாங்க வந்தவர் பாதி விலையிலிருந்துதான் பேச்சையே ஆரம்பிப்பார்.

பத்து நிமிட டெஸ்ட் டிரைவில் இந்தக் கசிவு தெரியாது. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் கம்ப்ரஸர் காரைத் தூக்கி நிறுத்திவிடும். நீங்கள் வருவதற்கு முன்பே விற்பவர் ஸ்டார்ட் செய்து வைத்திருக்கலாம், அதனால் போனதும் முதலில் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடலாம். சரியான சோதனைக்கு ஒரு இரவு வேண்டும். மாலையில் சமதரையில் நிறுத்தி, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து வளைவின் விளிம்பு வரை நான்கு மூலையையும் டேப்பால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் மறுபடி அளக்க வேண்டும். ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தால் பெரும்பாலும் அந்தப் பை அல்லது அதற்குப் போகும் குழாய். ஒன்றுக்கு மேற்பட்ட மூலைகள் சேர்ந்து இறங்கியிருந்தால் வால்வு பிளாக்கையும் சந்தேகியுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து, காரை உயர்த்தும் பொத்தானை அழுத்துங்கள். தயங்காமல், சமமாக ஏற வேண்டும். கம்ப்ரஸர் நீண்ட நேரம் இரைந்துகொண்டே இருந்தால் அதற்கு வயதாகிவிட்டது என்று அர்த்தம். இரவு முழுக்க நிறுத்த விற்பவர் சம்மதிக்கவில்லையென்றால், நானாக இருந்தால் அந்தக் காரை விட்டுவிடுவேன்.

டபிள்யூ220-இல் சில விலையுயர்ந்த பதிப்புகளில் காற்றுப் பைகளுக்குப் பதிலாக ஏபிசி என்ற ஹைட்ராலிக் அமைப்பு வரும். சுமார் 200 பார் அழுத்தத்தில் எண்ணெய் ஓடும் விஷயம் அது. நான் அதை ஓட்டிப் பார்த்ததுகூட இல்லை. ஆனால் அதன் வேலை தெரிந்த மெக்கானிக் கைவசம் இல்லாதவர்கள் அந்தப் பக்கம் போகவே வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

எல்எஸ் 430-இல் சாதாரண இரும்பு ஸ்பிரிங் உண்டு. உயர்ந்த பதிப்புகளில் மட்டும் ஏர் சஸ்பென்ஷன். லெக்ஸஸ் என்ற பெயரை மட்டும் நம்பி அந்தப் பதிப்பை வாங்கினால், பென்ஸில் தவிர்த்த அதே தலைவலியைத் தேடிப்போய் வாங்கியதாகிவிடும். உள்ளே உயரம் மாற்றும் பொத்தான் இருக்கிறதா பாருங்கள். சந்தேகம் வந்தால் சக்கர வளைவுக்குள் டார்ச் அடியுங்கள், சுருள் தெரிய வேண்டும். ஸ்பிரிங் வைத்த காரிலும் தேய்மானம் உண்டு. முன்சக்கரங்களைப் பிடித்திருக்கும் ஆர்ம்களின் ரப்பர் புஷ், பால் ஜாயின்ட் ஆகியவை தேயும். பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் நடுங்கினாலோ, குழியில் டொக்கென்று சத்தம் வந்தாலோ அங்கே பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் இவை எந்த நல்ல மெக்கானிக்கும் கை வைக்கக்கூடிய வேலைகள். ஒன்று தேய்ந்ததற்காக மற்றது எரிந்துபோவதில்லை. பல வருடம் நின்றுபோன காரிலும் காலையில் நான்கு மூலையும் அதே உயரத்தில் இருக்கும்.

ஓட்டுகிற சுகத்தில் பென்ஸுக்குத்தான் என் வாக்கு. நெடுஞ்சாலையில் அதன் ஸ்டீயரிங் கையோடு பேசும், லெக்ஸஸின் ஸ்டீயரிங் அந்த அளவுக்குப் பேசாது. பின்சீட்டில் உட்காருகிறவருக்கு லெக்ஸஸின் அமைதி பிடிக்கும். ஸ்டீயரிங் பிடிக்கிறவருக்குப் பென்ஸ் பிடிக்கும். அதற்காகவே எஸ் கிளாஸ் வேண்டும் என்று மனம் கேட்டால், மலிவாகக் கிடைப்பதைத் தேடாதீர்கள். நான்கு பைகளும் கம்ப்ரஸரும் மாற்றிய பில்லோடு இருக்கும் காரை, கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தாவது எடுங்கள். பில்லில் தேதியையும் அன்றைய கிலோமீட்டரையும் பாருங்கள். பைகள் புதிது, கம்ப்ரஸர் மட்டும் பழையது என்றால், கம்ப்ரஸருக்கான பணத்தை விலையிலேயே கழித்துப் பேசுங்கள்.