கால் எலும்பும் கம்பியும்: ஆறு வருடம் கட்டிப் பார்த்ததில்

2019-ல் நான் முதன்முதலாகப் பாடம் செய்த (செத்த பிறகு தோலை உரித்து, உள்ளே அடைத்து, உயிரோடு இருப்பது மாதிரி நிறுத்திய) சேவல் இப்போது இடது பக்கம் சாய்ந்து நிற்கிறது, ஓட்டமாக ஓடி வந்து சுவரில் கை ஊன்றி மூச்சு வாங்குகிறவன் மாதிரி. இறகில் குறையில்லை, கண்ணிலும் குறையில்லை. கோளாறு தோலுக்குள்ளே, எலும்பையும் கம்பியையும் சேர்த்த இடத்தில்.

வீடு புதுச்சேரி முத்தியால்பேட்டையில். கடல் நடந்து போகிற தூரம்தான் என்பதால் உப்புக் காற்றுக்குப் பஞ்சமில்லை. நான் செய்வதெல்லாம் வளர்த்துச் செத்த கோழி, பந்தயப் புறா, லவ் பேர்ட்ஸ். காட்டுப் பறவை ரோட்டில் செத்துக் கிடந்தாலும் எடுப்பதில்லை, 1972 வனவுயிர்ச் சட்டம் இருக்கிறது.

பிரியாணியில் லெக் பீஸைக் கடித்து முடித்ததும் கையில் மிஞ்சுமே, அந்த எலும்புதான் விஷயம். சதையை வழித்துவிட்டு அதைத் தோலோடு விட்டுவிடுவோம். கூராக்கிய கம்பியை உள்ளங்காலில் குத்தி, செதில் காலின் பின்பக்கமாக ஏற்றி, மூட்டைத் தாண்டி, இந்த எலும்பை ஒட்டியே மேலே கொண்டுவர வேண்டும். மேலே நீளும் முனை செயற்கை உடலுக்குள் போய் மடங்கிப் பாரத்தைத் தாங்கும். எலும்பையும் கம்பியையும் சேர்க்கும் கட்டு சரியில்லை என்றால் கம்பி அசையாமல் இருக்கும், கால் மட்டும் தனியாகச் சுற்றும்.

சேவலுக்கு நான் போட்டது க்ளூ கன் பசை. ஐந்து நிமிட வேலை, கல் மாதிரி இறுகியது. அடுத்த மேயில், தகரக் கொட்டகைச் சூட்டில், எலும்பிலிருந்து பெயர்ந்துவிட்டது. பசையைக் குறை சொல்ல மாட்டேன். எலும்புக்குள் இருக்கும் கொழுப்பு மாதக்கணக்கில் கசியும், அதன்மேல் எதுவும் ஒட்டாது. இப்போது பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் எலும்பை இரண்டு முறை தேய்த்துக் காயவைக்காமல் கம்பியைத் தொடுவதே இல்லை.

அடுத்து மாஸ்கிங் டேப். அதைப் பற்றிப் பேசக்கூட வேண்டாம்.

அப்புறம் வலை பின்னும் நைலான் நூல். வழவழப்பு, முடிச்சு நிற்கவில்லை. வைத்திக்குப்பத்தில் வலை சரிசெய்துகொண்டிருந்த ஒரு அண்ணனிடம் புறா எலும்பையும் கம்பியையும் நீட்டினேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஒத்த சுத்துல நிக்காது தம்பி. ரெண்டு சுத்து சுத்தி, மேல் சுத்தை குறுக்க போட்டு இழு. கயித்தை கயிறே புடிச்சுக்கும்" என்றார். அன்றிலிருந்து அந்த முடிச்சுதான். நூலை மட்டும் செருப்பு தைக்கும் மெழுகு நூலாக மாற்றிக்கொண்டேன். ஒரே இடத்தில் கட்டினால் கம்பி எலும்பைச் சுற்றி உருளும், ஆகவே எலும்பின் மேல்பக்கம் ஒரு கட்டு, கீழ் மூட்டுக்குச் சற்று மேலே ஒரு கட்டு. எலும்பின் உருண்டை நுனியை வெட்டக் கூடாது, கட்டு நழுவாமல் தடுப்பது அதுதான். கட்டின் மேல் எம்-சீல் மெல்லிசாகப் பூசி, காய்ந்த பிறகு சணல் நாரைச் சுற்றிச் சதை வடிவம் கொடுக்கிறேன்.

கம்பி ஜி.ஐ.தான், அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு. சேவலுக்கு 10 கேஜ், புறாவுக்கு 16, லவ் பேர்ட்ஸுக்கு 20 (எண் கூடக் கூடக் கம்பி மெல்லிசு). கொத்தனார் கட்டுக்கம்பி வாழைத்தண்டு மாதிரி வளையும். சைக்கிள் ஸ்போக் எதிர்மாறு, மூட்டில் மடக்கினால் திரும்பி நிமிர்ந்துகொள்ளும்.

நிஜமான பரீட்சை 2024 நவம்பர் 30-ல் வந்தது. ஃபெஞ்சல் புயலில் ஒரே நாளில் 46 செ.மீ-க்கு மேல் மழை. கரண்ட் இல்லை, அறை முழுக்க ஈர வாடை. அலமாரி உயரத்தில் இருந்ததால் பறவைகள் நனையவில்லை. வெயில் வந்ததும் ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தேன். டேப் போட்ட இரண்டு புறாவுக்கும் கால் திரும்பியிருந்தது. நூலும் எம்-சீலும் போட்டவை அசையவில்லை. ஆனால் உள்ளங்காலுக்குக் கீழே பழுப்புக் கறை. கம்பியை வெட்டிய இடத்தில் துத்தநாகப் பூச்சு இருக்காது, துரு அங்கேதான் பிடிக்கிறது. இப்போது வெட்டிய முனைக்கு நெயில் பாலிஷ் வைக்கிறேன்.

லவ் பேர்ட்ஸ் விஷயத்தில் இன்னும் திருப்தியில்லை. எலும்பு டூத்பிக் கனம், முடிச்சைக் கொஞ்சம் அழுத்தினாலே 'டிக்' என்று போய்விடும். அதற்குத் தையல் நூலே போதும், இழுக்காமல் பத்துச் சுற்று.

சேவலைப் பிரித்து மறுபடி கட்டலாம்தான். பிரித்தால் இறகு உதிரும் என்று அம்மா விடவில்லை. ரேடியோ பெட்டியை ஒட்டி முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கிறார்.