பேரன் தொடையில் இரண்டு கம்பிகள்: ஓர் எலும்பு அறுவைப் பிரிவைப் பற்றி

மலேசியாவின் கெடா மாநிலத்துப் பாடாங் செராயில் முப்பது ஆண்டுகளாக மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருக்கிறேன். வளைந்ததை நிமிர்த்துவதும் ஒடிந்ததைச் சேர்ப்பதும்தான் பிழைப்பு. என் பேரனின் தொடை எலும்பைச் சேர்த்த அரசு மருத்துவமனைக்கு மதிப்பெண் போட எனக்கும் கொஞ்சம் தகுதி உண்டு என்று நினைத்துக்கொள்கிறேன். குறையும் சொல்லப் போவதால் பெயரைச் சொல்லவில்லை.

பையனுக்கு ஒன்பது வயது, 27 கிலோ. தோட்டத்துச் செம்மண் சாலையில் சித்தப்பாவின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனான். லாரியிலிருந்து விழுந்து கிடந்த செம்பனைக் குலையில் சக்கரம் ஏறியது. வலது தொடை நடுவில் ஒடிந்துவிட்டது. எண்ணெய் போட்டுக் கட்டுகிறவரிடம் போகலாம் என்றார் சம்பந்தி அம்மாள். நான் சம்மதிக்கவில்லை. தொடைத் தசை சும்மா இருக்காது. ஒடிந்த முனைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இழுத்து ஏற்றிவிடும். வெளியே துணி சுற்றி அதை வெல்ல முடியுமா?

அவசரப் பிரிவில் குறை இல்லை. உடனே வலிக்கு ஊசி போட்டு, காலை இழுத்து எடை கட்டினார்கள். அதன் பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது. அறுவைக்காக நள்ளிரவிலிருந்து பட்டினி போட்டு, பிற்பகல் மூன்று மணிக்கு "இன்று இல்லை" என்றார்கள். மறுநாளும் அதே கதை. பெரிய விபத்துகள் வந்தால் முந்திக்கொள்ளும், அது புரிகிறது. ஆனால் காலை பத்து மணிக்கே சொல்லியிருந்தால் பிள்ளை ஒரு குவளை மைலோவாவது குடித்திருப்பான்.

அறுவை மருத்துவர் இளைஞர், மலாய்க்காரர். "அங்கிள், பாருங்கள்" என்று காகிதத்தில் வரைந்தே காட்டினார். ஐந்து வயதுக்குக் கீழ் என்றால் பெரும்பாலும் இடுப்போடு சேர்த்து மாவுக்கட்டு போதுமாம். பெரியவர்களுக்குத் தடித்த கம்பி ஒன்றை இடுப்புப் பக்கமிருந்து எலும்புக்குள் இறக்குவார்கள். வளரும் பிள்ளைக்கு அதைத் தவறான இடத்தில் இறக்கினால், தொடை எலும்பின் தலைக்குப் போகும் இரத்தமே நின்றுவிடக்கூடும். அதனால் இவனுக்கு வளையும் டைட்டானியம் கம்பிகள் இரண்டு. பிரான்சின் நான்சி நகர மருத்துவர்கள் வளர்த்தெடுத்த முறை. 50 கிலோவைத் தாண்டிய பிள்ளைக்கு இது அவ்வளவாகத் தாங்காதாம்.

வேலைப்பாட்டைச் சொல்ல வேண்டும். முழங்காலுக்குச் சற்று மேலே இருபுறமும் சிறு வெட்டு, எலும்பு நீளமாக வளரும் இடமான வளர்ச்சித் தட்டைத் தொடாமல் துளை. கம்பிகளை முன்கூட்டியே வில்லாக வளைத்து, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி மேலே ஏற்றுகிறார்கள். உள்ளே போனதும் இரண்டு வில்களும் ஆளுக்கொரு பக்கச் சுவரை முட்டித் தாங்குகின்றன. ஒவ்வொன்றின் தடிமனும் எலும்புக் குழாயின் மிகக் குறுகிய இடத்து அகலத்தில் ஏறத்தாழ 40 விழுக்காடு. இரண்டும் ஒரே அளவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்று வென்று காலைக் கோணலாக்கிவிடும். ஸ்போக் இழுத்துச் சக்கரத்தை நேராக்குகிறவனுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. அறுவைக்கு ஐந்துக்கு ஐந்து.

வீட்டுக்கு அனுப்பிய விதத்துக்கு இரண்டுதான். அறுவை முடிந்த மூன்றாம் நாள் ஒரு தாளைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கழிப்பறைக்கு எப்படிக் கொண்டுபோவது, படி ஏறுவது எப்படி என்று வேலை முடிந்து கிளம்பிய தமிழ்த் தாதி ஒருவர் நின்று காட்டியதால் தப்பித்தோம். ஊன்றுகோல் அவன் அக்குளை முட்டியது; பட்டறையில் நானே அறுத்துச் சரிசெய்தேன். காலை மடக்கும்போது கம்பி முனை தோலடியில் உரசும் என்பதையும் யாரும் சொல்லவில்லை. கம்பி நழுவிவிட்டதோ என்று மருமகள் அழுதே விட்டாள். இதில் அடிக்கடி வரும் தொல்லையே அதுதானாம்.

ஆறாம் வார எக்ஸ்ரேயில் முறிவைச் சுற்றிப் புது எலும்பு, பற்றவைத்த மேடு போலத் திரண்டிருந்தது. ஒடிந்த கால் மற்றதைவிட ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் கூடுதலாக வளரலாம் என்பதால் அவ்வப்போது அளந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். பள்ளி விடுமுறையில் கம்பிகளை எடுப்பார்கள். எடுத்ததும் என்னிடம் கொடுக்கும்படி கேட்டிருக்கிறேன். பட்டறைச் சுவரில் மாட்டவா என்று மருத்துவர் சிரித்தார். ஆமாம் என்றேன்.